தங்கப்பழத்தின் முன்சக்கரம்

பருத்திக்குளத்தைச் சுற்றியிருந்த பதினேழு ஊர்களிலும் பசு சினைக்குக் கத்தினால் சினை ஊசி போட முதலில் தேடப்படுகிற ஆளாக இருந்த தங்கப்பழத்தின் மோட்டார் சைக்கிள், ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில் முன்சக்கரத்திலிருந்து கிரீச்சிட ஆரம்பித்தது. காளை விந்துக் குச்சிகளை உறைய வைத்திருக்கும் அலுமினியக் கேனைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, அவர் இருபது வருஷமாக அந்தக் கரிசல் ரோடுகளில் போய்வந்துகொண்டிருந்தார். கேனைத் தூரத்தில் பார்த்தாலே பெண்கள் தொழுவத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். சத்தம் வந்த பிறகு கேனைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அவர் ஓடைப்பாலம் ஏறும்போதே கீழச்சிறுபாறையில் நாய்கள் எழுந்து குரைத்தன.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பீர்முகம்மதிடம் வண்டியைக் கொண்டுபோனார். பீர்முகம்மது ஐம்பது வயதுக்காரர். எந்த வண்டியையும் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்பம்லாம் கத்துது அண்ணாச்சி?"

"உருண்டா கத்துது பாய். வேகம் கூடக்கூடக் கூடுது. கிளட்சைப் பிடிச்சு ஆஃப் பண்ணி உருட்டுனாலும் கத்துது."

"அப்ப எஞ்சின் இல்ல."

பீர்முகம்மது வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பினார். கையால் சுற்றிவிட்டார். கிரீச். பிரேக் கட்டையாக இருக்குமோ என்று அதைத் தளர்த்திவிட்டுச் சுற்றினார். கிரீச். ஒரு நீளமான திருப்புளியின் நுனியைச் சக்கரத்தின் நடுக்குடத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சுற்றினார். பிறகு ஸ்பீடாமீட்டருக்குப் போகிற கேபிளைச் சக்கரத்துப் பக்கம் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு மறுபடி சுற்றினார். அப்போதும் கத்தியது.

"மேல மீட்டர் நல்லாருக்கு, கேபிளும் நல்லாருக்கு. மீட்டரைச் சுத்துத பல்சக்கரம் இந்தக் குடத்துக்குள்ள ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் காஞ்சு கெடக்கு. தண்ணிக்குள்ள விட்டீகளா?"

"விடாம எங்க போக?"

அச்சை உருவி, உள்ளங்கையில் அடங்குகிற அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தபோது, உள்ளே கிரீஸ் என்று ஒன்றும் இல்லை. கரிசல் மண்ணும் துருவும் சேர்ந்து காய்ந்த பாக்கு மாதிரி ஆகியிருந்தது. பெட்ரோலில் கழுவி, பல்லையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, தேய்ந்துபோயிருந்த வாஷரை மாற்றி, புதுக் கிரீஸை விரலால் அப்பி, பழையபடி மாட்டிக் கொடுத்தார். சுற்றிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது.

தங்கப்பழம் சந்தோஷமாகக் கிளம்பி, மார்க்கெட்டைத் தாண்டி, நூற்பு மில் சுவரைத் தாண்டி, வண்டி இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டபோது, கிரீச்சென்ற சத்தம் இருந்த இடத்திலிருந்து, அந்தச் சத்தத்தால் இத்தனை நாள் மூடிக்கிடந்த ஒரு குரல், துலக்கி வைத்த பாத்திரம் போலத் தெளிவாக வந்தது.

"அண்ணாச்சி... கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி..."

அவர் நிற்கவில்லை. பயத்தில் வேகத்தைக் கூட்டினார். குரலும் பதறிக்கொண்டு வேகமாகச் சொன்னது. வேகத்தைக் குறைத்தார். குரல் எழுத்தெழுத்தாக இழுத்துச் சொன்னது. இறங்கித் தள்ளினார். அப்போதும், மூச்சை இழுத்து இழுத்துப் பேசுகிறவள் போல, நி... ல்... லு... ங்க... என்றது. இருபதில் போனால்தான் அவர் அன்றைக்குக் கேட்டது போலவே இருந்தது. அன்றைக்கும் அவர் இருபதில்தான் போனார்.

பங்குனி மாதம், நல்ல உச்சி. ஓட்டக்கரை வளைவில் ஒரு மொபெட் கவிழ்ந்து, அதன் அடியில் ஒரு பெண் கிடந்தாள். அங்கன்வாடிக்குக் கொண்டுபோன முட்டைகள் உடைந்து ரோடெல்லாம் மஞ்சளாக வழிந்து, வெயிலில் ஓரம் வெந்துகொண்டிருந்தது. வளைவில் வேகத்தைக் குறைத்த தங்கப்பழத்தைப் பார்த்து அவள் கையைத் தூக்கி, சத்தம் போட முடியாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி அந்த நாலு வார்த்தையைச் சொன்னாள். அவருக்குக் கீழச்சிறுபாறையில் ஒரு பசு காத்திருந்தது. சாயங்காலம் தாண்டினால் பருவம் போய்விடும். போலீஸ் வரும், எப்படி விழுந்தாள், நீதான் இடிச்சியா என்று கேட்கும். பின்னால் யாராவது வருவார்கள் என்று நினைத்தார். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை. அதைப் பார்த்த பிறகும் ஆக்சிலேட்டரைத் திருகினார்.

இரண்டு மணி நேரம் கழித்து ஆடு மேய்ப்பவர்கள் அவளைத் தூக்கியிருக்கிறார்கள். பெயர் செல்வகனி, வடக்கூர் அங்கன்வாடி டீச்சர் என்று பிறகு தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றும், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள் என்றும், தங்கப்பழம் ஒரு தொழுவத்தில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டார். கையை ரொம்ப நேரம் கழுவினார்.

முதலில் சந்தேகப்பட்டது அவருடைய மனைவி ஜெயக்கனிதான்.

"வண்டியில யாரு அது, பொம்பளச் சத்தம்?"

"சக்கரம்தான். கேட்டுப் பாரு."

அவள் முற்றத்தில் குனிந்து, சக்கரத்தைக் கையால் உருட்டிக் கேட்டாள். இரண்டு முறை கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பாவம், யாரோ என்னவோ. நல்ல மரியாதையாத்தான் கூப்பிடுதா," என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். மறுநாள் சக்கரத்தின் குடத்தில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன.

பதினேழு ஊர்களும் அதை ஜெயக்கனியைப் போலவே எடுத்துக்கொண்டன. ஒன்பது நாற்பது மினி பஸ்ஸின் டிரைவர் யாரோ ஏறக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பிரேக் போட்டார். முதல் வாரம் திட்டினார், இரண்டாம் வாரம் அந்த இடத்தில் இறங்கிக்கொள்ள நாலு பேர் தயாராக இருந்தார்கள், மூன்றாம் வாரம் அது நிறுத்தமாகவே ஆகிவிட்டது. கயிறு போட்டுக் கட்டி, மூக்கைப் பிடித்து, இரண்டு ஆள் அமுக்கினாலும் நிற்காத கிடாரிகள் அந்தக் குரல் தெருவில் திரும்பியதும் தாமாகவே காலை அகட்டி நின்றன. ஓடைப்பட்டியில் வரப்புத் தகராறில் அரிவாளை ஓங்கிய அண்ணன், தம்பி எதிரில் நிற்க, ரோட்டில் போன வண்டி சொன்னதைக் கேட்டு ஓங்கிய கையோடு நின்றான். நின்றுவிட்ட பிறகு மறுபடி வெட்டுவதற்கு அவனுக்குக் கூச்சமாக இருந்தது, கையை இறக்கி பக்கத்தில் நின்ற கருவேலங்கிளையை வெட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். வீட்டில் சொல்லாமல் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், அப்பாவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைச் சொல்லி, அழுது, அடி வாங்கி, பத்து நாள் கழித்து எல்லாரும் வழியனுப்ப அதே பஸ்ஸில் போனாள்.

அது யாருடைய குரல் என்பதிலும் பெரிய சண்டை வரவில்லை. ஊர் எல்லையில் இருக்கிற அம்மன்தான் என்றார்கள் சிலர். சபையில், கர்த்தர் தடுத்து நிறுத்துகிற சத்தம் என்று போதகர் சொன்னார். உலோகம் உலோகத்தோடு உரசுகிற அதிர்வு என்று பள்ளிக்கூடத்து அறிவியல் சார் போர்டில் படம் போட்டார், ஆனாலும் வண்டி போகும்போது அவரும் சாக்பீஸைக் கீழே வைத்தார். முக்கியமாக, வருஷத்துக்கு நாலு பேரையாவது கவிழ்த்துவிடும் ஓட்டக்கரை வளைவில் ஆடிக்கு அப்புறம் ஒருவர்கூட விழவில்லை. எந்த நேரத்தில் அந்தக் குரல் வருமோ என்று எல்லோரும் அங்கே வேகத்தைக் குறைத்தார்கள்.

மரியாதை முழுக்கத் தங்கப்பழத்துக்குப் போயிற்று. நல்ல மனுஷன், அதனால்தான் அவர் வண்டியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். போகிற வீட்டிலெல்லாம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து சக்கரத்தைத் தொடவைத்தார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த மரியாதை ஒவ்வொன்றும் அவர் உடம்பில் ஈரத்துணி மாதிரி ஒட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அதையும் பணிவு என்று சொல்லிப் புகழ்ந்தார்கள்.

பீர்முகம்மதிடம் மறுபடி போனார்.

"அந்தப் பெட்டியையே மாத்திருங்க பாய்."

"அது நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?"

"மாத்திருங்க."

பீர்முகம்மது திருநெல்வேலியிலிருந்து புதுப் பெட்டி வரவழைத்து, அட்டையைக் கிழித்து அவர் கண்முன்னாலேயே மாட்டினார். கையால் சுற்றினார். புதுச் சாமானும் அதையேதான் சொன்னது, இன்னும் பளிச்சென்று. பீர்முகம்மது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"சாமான்ல கோளாறு இல்ல அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்ச வேலை இதோட முடிஞ்சுது. யாரு கூப்பிடுதான்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்?"

அந்தப் பதில் வாயிலிருந்து விழுந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே கூசியது. பீர்முகம்மது கழற்றின பழைய பெட்டியை ஒரு காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

வடக்கூர் வழியாகப் போவதை அவர் ஏற்கெனவே விட்டிருந்தார். அங்கே பசு கத்தினால் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். சத்தம் வருவதற்கு முன்பே மூன்று முறை அந்த ஊர் வரைக்கும் போய், தண்ணீர்த் தொட்டியடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். கார்த்திகையில் ஒரு நாள் மச்சினன் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு தொழிலுக்குப் போனார். "உங்க வண்டி வரலையா?" என்று எல்லா வீட்டிலும் முகம் வாடிப்போனார்கள். மாடுகள் உதைத்தன. மறுநாள் தன் வண்டியையே எடுத்தார்.

மாசி மாதம் பஞ்சாயத்துத் தலைவர் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து, ஓட்டக்கரையில் ஒரு கல் நாட்டப்போவதாகச் சொன்னார். கல்லில் 'கொஞ்சம் நில்லுங்கள்' என்று வெட்டியாகிவிட்டது. தங்கப்பழத்துக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும்.

"எனக்கு எதுக்குத் தலைவரே? கல்லை மட்டும் நாட்டுங்க."

"இப்படிச் சொல்லுவீகன்னு தெரியும். யாரு கையால போத்தப் போறோம் தெரியுமா? அந்த எடத்துல கால் போச்சே, நம்ம செல்வகனி டீச்சர். அது கையால. கேட்டேன், வாரேன்னுட்டு."

ஜெயக்கனி உள்ளேயிருந்து, "நல்ல யோசனை," என்றாள். விழாவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் தங்கப்பழம் ஊரை விட்டுப் போய்விடலாமா என்று யோசித்தார். எங்கே போவதென்றாலும் அந்த வண்டியில்தான் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஓட்டக்கரையில் கல்லை நாட்டி, சாமியானா போட்டு, மைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஊன்றுகட்டைகளை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு செல்வகனி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கணீரென்ற குரல். பக்கத்தில் இருந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வண்டியின் குரல் அவளுடையது என்று இத்தனை மாதமாக ஒருவருக்கும் தோன்றாததற்குக் காரணம் அதுதான். அந்தத் தீனக் குரலில் அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருந்தாள், கேட்டவரும் ஒரே ஒருவர்தான்.

"டீச்சர் இன்னும் கேட்டதில்லையாம். ஒரு ஐம்பதடி ஓட்டிக் காமிங்க அண்ணாச்சி," என்றார் ஆவுடையப்பன்.

தங்கப்பழத்தின் கால் கிக்கரை மிதிக்கவில்லை. வண்டியை மெதுவாகத் தள்ளினார். கூட்டம் அமைதியாயிற்று. அண்... ணா... ச்சி... என்று சக்கரம், மொபெட்டுக்கு அடியில் கிடந்து மூச்சு வாங்குகிறவளைப் போல ஆரம்பித்து, முழுக்கச் சொல்லி முடித்தது. செல்வகனியின் சிரிப்பு நின்றது. அவள் கை தானாகப் போய், இல்லாத காலின் பக்கம் சேலையைப் பிடித்துக்கொண்டது. அவள் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் பொன்னாடையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, கட்டையை ஊன்றி எழுந்தாள். தங்கப்பழம் பின்னால் நகர்ந்து, மைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். போத்தாத தாயி." அவர் குரல் ஒலிபெருக்கியில் ஓடைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "இது சாமி இல்ல. இந்தப் பிள்ளதான். போன பங்குனியில இது இங்கன கெடந்து என்னைத்தான் கூப்பிட்டுச்சு. நான் பாத்தேன். வேகத்தைக் குறைச்சு நல்லாப் பாத்தேன். பெறகு போயிட்டேன். மாடு காத்துக் கெடக்குன்னு போனேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதெல்லாம் இல்ல. நிக்க மனசு வரல. போயிட்டேன்."

மைக் கொஞ்ச நேரம் தனியாக ஊளையிட்டது. யாரோ அணைத்தார்கள். ஜெயக்கனி நாற்காலியிலிருந்து எழுந்து, அவர் பக்கம் திரும்பாமல், ரோட்டோரமாக வீட்டைப் பார்க்க நடந்தாள். யாரும் ஏசவில்லை, கல் எறியவில்லை. பதினேழு ஊர்க்காரர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு, டீ கொதித்து இறக்கியாகிவிட்டதால் ஆளுக்கொரு டம்ளர் வாங்கி, ஒருவரையொருவர் பார்க்காமல் குடித்தார்கள். நாற்காலிகளை மடக்கினார்கள். அந்த வெயிலில் இரண்டு மணி நேரம் ஒருத்தி கிடந்த ரோடு அது. ஒற்றை ஆளா அந்த வழியாகப் போயிருப்பான்? கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் மோட்டார் சைக்கிள்களை ஸ்டார்ட் செய்யாமல், உருட்டவும் பயந்து, முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து போனதைத் தங்கப்பழம் பார்த்தார்.

கல்லுக்குப் பக்கத்தில் அவளும் அவரும் மிஞ்சினார்கள்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றாள் செல்வகனி. "கேன் கட்டுன வண்டி இந்தச் சுத்துப்பட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"யார்ட்டயும் சொல்லலையே தாயி."

"சொன்னா கால் மொளைக்குமா? நீங்களா வருவீங்கன்னு பாத்தேன். சித்திரை பாத்தேன், வைகாசி பாத்தேன். தொட்டியடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனீக பாருங்க, அதையும் ஜன்னல் வழியாப் பாத்தேன். உங்களுக்குப் பொன்னாடைன்னு தலைவர் வந்து சொன்னாரு. சரி, அதையும் பாத்துருவோம்னு வந்தேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது முடியட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லணும்னு நெனச்சுராதீக. அது எனக்கு இன்னும் வரல. இப்ப என்னை வீட்டுல கொண்டு விடுங்க. ஆட்டோவைப் போகச் சொல்லிட்டேன்."

அவர் கேனை அவிழ்த்துக் கல்லோரமாக வைத்தார். அவள் கட்டைகளை இடுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி உருண்டதும் சக்கரம் நில்லுங்க என்று கேட்டது. அவர் நிறுத்தினார். காலை ஊன்றி, ஒரு மூச்சு நின்று, மறுபடி எடுத்தார். பத்தடி போனதும் மறுபடி கேட்டது. மறுபடி நிறுத்தினார். வடக்கூர் நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டரிலும் அது கேட்ட ஒவ்வொரு தடவையும் அவர் நின்றார். எதிரே வந்த மினி பஸ் ஒதுங்கி வழிவிட்டது. வெயில் ஏறி, உச்சியைத் தாண்டி, மேற்கே சாய்ந்தது. அவருக்குக் கால் மரத்துப் போயிற்று. செல்வகனி போதும் என்று சொல்லவில்லை.

அவள் வீட்டுக்கு முன்னால் இறங்கும்போது நாலு மணி. வாசல் படலைத் திறந்துகொண்டே சொன்னாள்: "புதன்கிழமை புதுக் காலுக்கு அளவு எடுக்கணும், பெரியாஸ்பத்திரில. பெறகு வாரா வாரம் நடந்து பழகணுமாம். பஸ்ல ஏற முடியல. காலையில ஏழு மணிக்கு வாங்க."

அந்த மூன்று நாளுக்குள்ளேயே ஊர்கள் இதையும் பழகிக்கொண்டன. கல் அங்கேயே நின்றது. ஏழெட்டு ஊர்கள் சினை ஊசிக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டன. மற்ற ஊர்களில் கூப்பிட்டார்கள், நாற்காலியை மட்டும் துடைத்துப் போடவில்லை. ஜெயக்கனி சோறு வைத்தாள், பேசவில்லை. வண்டி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்டவர்கள் ஒரு நொடி தரையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

புதன்கிழமை தங்கப்பழம் ஆறு மணிக்கே வடக்கூர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குள் விளக்கெரிந்தது, பாத்திரச் சத்தம் கேட்டது. ஜன்னலில் ஒரு தடவை அவள் முகம் தெரிந்து மறைந்தது. அவர் படலுக்கு வெளியே நின்றார். தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் குடத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் யாருக்கும் முகத்தை மறைக்கவில்லை.

செல்வகனி ஏழு மணிக்குத்தான் கதவைத் திறந்தாள்.